நுரை தள்ளும் ஓக்

ஹலோ… ஹலோ, ராய்ஸா?… நான்தான் மாப்ள, எவரெட்… எந்த எவரெட்டா? உன் பொண்டாட்டிக்கு அண்ணன்யா! வெர்மான்ட்ல எத்தனை மச்சான் வச்சிருக்கே நீ?… ம்… ம்… நல்லாத்தான் இருக்கோம், எங்களுக்கென்ன… குளிரா? அது கெடக்குது. காலையில பாத்தேன், மைனஸ் இருபது. ஜனவரின்னா அப்படித்தான்… சேச்சே, வீடு கதகதன்னு இருக்கு. ஜன்னலைத் தொறக்கலாமான்னு எம் பொண்டாட்டியே கேக்கறான்னா பாத்துக்கயேன்…

கிளெண்டா, நீ சும்மா இரு. பேசாம கோட்டை மாட்டிக்கிட்டு உக்காரு… ஆங்? உன்னை இல்ல மாப்ள, அவகிட்ட சொன்னேன்… கோட்டு எதுக்கா? அது வந்து… புதுக் கோட்டு. போட்டுப் பாக்கறா.

சரி, அதை விடு. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உன் கொட்டகையில அந்த… அதான்யா, அந்த மஞ்சக் கட்டை இன்னும் கெடக்குதா?… ஆமா, பைன்தான்… சிரிக்காதே… சிரிக்காதேங்கறேன்! சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். அடுப்புப் பத்த வைக்க நாலு சிராய் வேணும், அவ்வளவுதான்… எவ்வளவுன்னா… ஒரு வண்டி… ஆமா, ஒரு வண்டி! ஒரு மனுஷன் ஒரு வண்டி சிராய் கேக்கப்படாதா?

என்னது? என் ஓக் விறகுக்கு என்னாச்சா? அதுக்கென்ன, ராஜா மாதிரி அடுக்கி வச்சிருக்கேன். வைரம் பாஞ்ச கட்டை. ஒண்ணைத் தூக்கினா தோள்பட்டை எறங்கிடும்… எரியுதாவா? எரியும்… எரிஞ்சிடும்… இப்பக் கொஞ்சம் யோசிச்சுக்கிட்டிருக்கு.

சத்தமா? எந்தச் சத்தம்?… உஸ்ஸுன்னு கேக்குதா? அது… காபிக்குத் தண்ணி கொதிக்குது… ஆமா, இவ்வளவு நேரமாக் கொதிக்குது. நெறைய காபி… சரி! சரி! தண்ணி இல்ல, கட்டைதான். ரெண்டு முனையிலயும் நுரை தள்ளுது. போதுமா? குளுகுளுன்னு இருக்கா உனக்கு?

போன வசந்தத்துல வெட்டினதுதான்… தெரியும்யா. ஓக் காயறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? நீ உங்க ஊரு மோன்டானாவுல பால் பாட்டிலோட திரிஞ்சப்பவே நான் இங்க விறகு பொளந்தவன்… காஞ்சதுன்னு சொல்லித்தான் விறகுக்காரன் வித்தான்… இல்ல, தட்டிப் பாக்கல… ஆமா, ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டினா டங்குன்னு கேக்கணும், தொப்புன்னு கேட்டா ஈரம். ஊருக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன். நான் தட்டல. ஓக்குன்னு சொன்னான், கண்ணை மூடிக்கிட்டு எறக்கச் சொல்லிட்டேன்…

பழைய மேப்பிள் விறகா? அது நவம்பர்லயே காலி. மான் வேட்டைன்னு வந்தானுங்களே, ராவும் பகலும் கதவைப் பப்பரப்பான்னு தொறந்து போட்டுட்டு சீட்டாடினானுங்க… 'யாரு'ன்னு கேக்கறே பாரு! அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காத முதல் ஆளு நீதானேய்யா!

இத பாரு, பைனைப் பத்தி நான் சொன்னதுல ஒரு மாத்தமும் கெடையாது. ஒரே பிசின். புகைக்கூண்டு பூரா தாரு மாதிரி படியும். ஒரு நாளைக்குக் குபீர்னு பத்திக்கும், வீடே போயிடும்… மோன்டானாவே பைன்லதான் குளிர் காயுதா? காயும், காயும். அங்க ஓக் ஏது? இல்லாதவன் இருக்கறதைத்தான் எரிப்பான்… ஒரு வீடும் எரிஞ்சதில்லையா?… ம்… ஈரந்தான் கூண்டைக் கெடுக்கும், மரம் எதுவா இருந்தா என்னங்கறே… ம்… அப்படிப் பாத்தா இப்ப என் கூண்டுலதான்… அந்தப் பேச்சை எடுக்காதே மாப்ள.

எடை போட்டா ரெண்டும் ஒரே சூடுதானா? நான் என்ன தராசு வச்சா கட்டை போடறேன்? அடுப்புல இருக்கற எடம் இவ்வளவுதான். நான் ஒண்ணு போடற எடத்துல நீ ரெண்டு போடணும்… எதை எதுக்கு இழுக்கறே? பாகு காய்ச்சற கொட்டகையா?… ஆமா, அங்க பைன்தான் போடறேன். எங்கப்பாவும் பைன்தான் போட்டாரு. மேப்பிள் மரத்துச் சாறு பாகாகணும்னா சட்டுனு தளதளன்னு கொதிக்கணும், அதுக்கு அதான் சரி… அது வேற, வீடு வேற… எப்படி வேறயா?… வேறன்னா வேறதான்யா! கொட்டகைக்கு யாரும் விருந்துக்கு வரமாட்டாங்க, போதுமா?

கிளெண்டா, கையை ஆட்டாதே. கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.

சரி மாப்ள. விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைங்கற கதையை இத்தோட நிறுத்திக்கறேன். விஷயம் என்னன்னா… எம்பொண்ணு மார்லா இன்னிக்கு வரா. பர்லிங்டன்லேருந்து. புள்ளையோட… ஆமா, பொறந்து மூணு வாரம் ஆச்சு. நான் இன்னும் பேத்தியைக் கையில வாங்கல, தெரியுமில்ல? ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எனக்குப் பாழாப்போன இருமலு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க. கையாட்டினேன். அது கொட்டாவி விட்டுச்சு… நம்ம ஊருக்கு வந்து முதல் ராத்திரி என் வீட்லதான்னு தொட்டிலைக் கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். அந்த ரூம்ல நின்னு மூச்சு விட்டா வாயில புகை வருது மாப்ள. கரண்ட் அடுப்பு ஒண்ணு இருக்கு, கிளெண்டா காலுக்கே பத்தல… ஒரு வண்டி பைன் குடு. இருட்டறதுக்குள்ள. மேல தார்ப்பாயைப் போட்டு மூடிக்கிட்டு வா… எதுக்கா? லாய்ட் கடை வழியாத்தானேய்யா வரணும்! அவன் பாத்தா ஊரே பாத்த மாதிரி.

என்ன?… தர முடியாதா?… ஏன்?… உங்களுக்கு வேணுமா? ரெண்டே ரெண்டு பேருக்கு எதுக்குய்யா அவ்வளவு கட்டை? இத்தனை நாள் 'எடுத்துக்கோ எடுத்துக்கோ'ன்னு…

அது என்ன சத்தம்?… பூனையா? நீங்க எப்பய்யா பூனை வளத்தீங்க?…

ராய்ஸ்.

ராய்ஸ், அது பூனை இல்ல.

மார்லா எப்ப வந்தா?… மத்தியானமேவா? நேரா அங்கயா?… இங்க குளிருதுன்னு யாரு சொன்னது அவகிட்ட?… கிளெண்டா! நீயா போன் பண்ணினே?… கேட்டியா மாப்ள? 'புள்ளைக்குச் சளி புடிச்சா உன் ஓக்கா வந்து நெஞ்சைத் தடவிக் குடுக்கும்'ங்கறா… நீ சிரி. நல்லாச் சிரி. தங்கச்சியும் சிரிக்கறாளா? சிரிக்கட்டும்.

இல்ல… கோவமெல்லாம் இல்ல… வருத்தம் இருக்கு. இல்லாம இருக்குமா? ஜன்னல்கிட்டயே நின்னுக்கிட்டிருந்தேன், வண்டி வருதா வருதான்னு… சரி, அதை விடு. புள்ள சூடா இருக்காளா?… கன்னம் செவப்பா இருக்கா?… கைவிரலைத் தொட்டுப் பாரு… சூடா இருக்கா? அது போதும். அது போதும் மாப்ள… அழல. நான் எங்க அழறேன்? புகை. கட்டை புகையுது இங்க.

என்ன சொன்னே?… ராத்திரிக்கு என்ன கஷ்டம்?… ஆமா, உன் பைன் அப்படித்தான். போட்டதும் ஜோரா எரியும், திரும்பிப் பாத்தா சாம்பல். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது எழுந்து போடணும்… உனக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணினது வேற… ஆர்லீனா? என் தங்கச்சியை எழுப்பறதுக்கு எங்கம்மாவாலயே முடியல, உன்னால ஆகுமா?… மார்லா பாவம், கண்ணே தொறக்க முடியாம இருப்பா. இதுவே ஓக்கா இருந்தா ஒரு கட்டை போதும், விடிய விடியக் கனிஞ்சுக்கிட்டே… சரி, சரி, காஞ்ச ஓக்கா இருந்தா.

இரு.

இரு இரு இரு. யாரும் எழுந்திருக்க வேணாம். நான் வரேன்… நிஜமாத்தான் சொல்றேன். அடுப்புகிட்ட ஒரு நாற்காலியைப் போட்டுடு. புள்ளையை என் மடியில குடுத்துட்டு நீங்கல்லாம் போய்ப் படுங்க… இருமலா? அது போயே போச்சு, வேணும்னா கிளெண்டாவைக் கேளு… நானா? பைனைக் கையால தொட மாட்டேன்னா? எப்பச் சொன்னேன்?… டவுன் மீட்டிங்லயா?… மைக்ல வேறயா?… சொன்னா சொல்லிட்டுப் போறேன்யா, இப்ப அதுக்கு என்ன!

கிளெண்டா, என் பூட்ஸு எங்க?… அது இல்ல, உள்ள கம்பளி வச்சது…

மாப்ள, இருக்கியா? இன்னொண்ணு. நான் வந்ததும் கட்டையையெல்லாம் நல்லாச் சின்னச் சின்னதாப் பொளந்துக்கறேன்… சீக்கிரம் தீந்துடுமா? தீரட்டுமேய்யா! ஒரு தடவை போட்டா விடியற வரைக்கும் எரியற கட்டைன்னா, 'போட்டாச்சில்ல, போய்ப் படு'ன்னு என்னை மாடிக்கு அனுப்பிடுவீங்க. புள்ள பக்கத்துல ராத்திரி முழுக்க என்னை யாரு உக்கார விடுவா?… ம்… ம்… வைக்கிறேன் மாப்ள, வைக்கிறேன்.