முதுகு மட்டும் தெரிந்த ஓட்டம்

“ஓடுறது அவரு இல்லம்மா. முதுக மட்டும்தானே காட்டுறான்.”

கிள்ளானிலிருந்து மேரு போகும் காலை பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த ஜாகா சொன்னார். ஜாகா என்றால் இங்கே காவலாளி. சீருடை, நரைத்த மீசை. பக்கத்தில் அவர் காவல் காக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அம்மாள். வயதான ஒரு நடிகர் பல வருடம் கழித்து மறுபடியும் உளவாளியாக வரும் படத்தை இருவரும் வீடியோவில் பார்த்திருந்தார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

“அப்ப சுவரு ஏறிக் குதிச்சது?”

“அதுவும் வேற ஆளுதான். ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன். குதிச்ச பெறகு இவரு மூஞ்சி வருது. ஒரு சொட்டு வேர்வ இல்ல.”

“இந்த வயசுல அவருக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? வீட்டுல ரெஸ்ட் எடுக்கலாம் லா.”

“எனக்கும் அதத்தான் சொல்றாங்க. பென்ஷன் ஆயி ரெண்டு மாசம் வீட்டுல உக்காந்து பாரு, தெரியும்.”

அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“முந்தாநாள் நம்ம பேக்டரி வேலியில ஏறுன திருடன தொரத்துனீங்களாமே?”

“யாரு சொன்னா? விசில் ஊதுனேன். அவன் திரும்பி என்னப் பாத்தான். அப்பறம் நடந்தே போயிட்டான்.”

அம்மாள் சிரிக்கவில்லை. ஜாகா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்குண்ணே.”

“தெரியும்மா. இப்ப எந்திரிச்சாதான் அங்க எறங்க முடியும்.”