மதகு வீட்டு வளைவில் விடுதலை நெருப்பு

மே ஐந்து. விடியற்காலை மூன்று இருபது. ரைன் ஆற்றங்கரை மேட்டுச் சாலை... ஈ காக்கை இல்லை.

இந்தப் பேருந்தில் நம்மோடு வரும் ஏவர்ட்டின் அக்கா யிக்கே தீப்பந்தத்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். போரில் நம் நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மன்காரன் ஒழிந்த நாளுக்காக நடுராத்திரி வாகெனிங்கெனில் ஏற்றிய நெருப்பு. ஆள் மாற்றி ஆள் ஓடி, விடிவதற்குள் நம் ஊர் நெருப்புத் தொட்டியில் சேர்க்க வேண்டும். வழியில் அணையவே கூடாது.

ஆனால் பழைய மதகு வீட்டு வளைவில் நாலு வருஷமாக அணைந்துகொண்டிருந்தது. காற்றே இல்லாத ராத்திரியிலும். ஓடினவர்கள் லைட்டரால் பற்றவைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஊருக்குள் போனார்கள். சிரிக்காதீர்கள், அப்படி ஓடினவர்கள் இரண்டு பேர், இந்த வருஷ நெருப்பெடுக்கப் போகும் இந்தப் பேருந்திலேயே இருக்கிறார்கள்.

அன்றைக்கு யிக்கே கிளம்பும்போது ஏவர்ட் லைட்டரை நீட்டியிருந்தான்.

"எதுக்கும் வச்சுக்கோக்கா."

"திருட்டு நெருப்பைக் கொண்டுபோய் ஊரை ஏமாத்தவா? வெக்கமா இல்ல? நீயே வச்சுக்கோடா."

மதகு வீடு வந்தது. தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. நனைந்த கம்பளிக் கோட்டு நாற்றம்... மட்டமான புகையிலை... பின்னால் ஆணி அடித்த பூட்ஸ். டக்... டக்... அவள் நின்றால் அதுவும் நின்றது.

காதோரம், போர்க்கால இருட்டடிப்புக் காவலன் அதட்டுவதுபோல், ஜெர்மனில் ஒரு குரல். "விளக்கை அணை."

பிடரியைத் தாண்டி ஜில்லென்று ஓர் ஊதல். நெருப்பு சாய்ந்து, நீலமாகி, பட்டாணி அளவுக்குச் சுருங்கியது.

யிக்கேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி, பந்தத்தை நேராக நீட்டினாள்.

"ஊது! எவ்வளவு மூச்சு இருக்கோ அவ்வளவும் ஊது. அஞ்சு வருஷம் எங்களை இருட்டுல வச்சே. இனிமே ஒரு ராத்திரிகூடக் கிடையாது!"

பந்தத்தை நீட்டியபடியே பின்னோக்கி நடந்தாள். பூட்ஸ் சத்தமும் விடாமல் அவளை நோக்கி வந்தது. மாதாகோயில் மணி கேட்கும்வரை... ஒன்றரைக் கிலோமீட்டர். எதிரே என்ன தெரிந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை.

ஊர் எல்லையில், வண்டியில் முன்னாடியே வந்துவிட்ட ஏவர்ட் காத்திருந்தான்.

"என்னக்கா, ரிவர்ஸ்ல வர்றே?"

"அடுத்த வருஷமும் அந்த வளைவு எனக்குத்தான். எவனுக்கும் விடமாட்டேன்."

தொட்டி குப்பென்று பற்றியது. ஊரே கைதட்டியது. ஏவர்ட் பந்தத்தைக் கையில் வாங்கினான். அதன் உச்சியில், மூன்று மணி நேரத்துக்கு மேல் நெருப்பைத் தாங்கிய தகரக் குவளை. உள்ளே நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. வெளியே... ஊதும் வாயின் அளவுக்கு, வட்டமாக, உறைபனி.

துடைத்தான்.

மறுபடி படிந்தது.