புங்கமரத்துக்குக் கொஞ்சம் பெருங்காயம்

அறையை விட்டு வெளியே வரும்போது மின்விசிறியை அணைக்காதவர்களை எனக்குப் பிடிக்காது. மற்றபடி நான் யாரோடும் சண்டைக்குப் போகிறவன் அல்ல.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவைப் பார்த்தால் என் வருத்தம் உங்களுக்குப் புரியும். பட்டப்பகலில் தெருவிளக்கு எரியும். எதிர்வீட்டு வெற்றிச்செல்வன் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குட்டித்தூக்கம் போடுவார்; தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் பக்கத்துத் தெருவரை போய் விசாரித்துவிட்டு வரும். மின்சாரச் சேமிப்பைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தேன். சுண்டல் தீரும்வரை இருந்தார்கள். "பில்லு நாங்கதான சார் கட்றோம், உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிச்செல்வன் எழுந்து போனார்.

சரி, நாமாவது முன்மாதிரியாக இருப்போம் என்று மாடியில் சோலார் போட்டேன். வாசலில் நின்ற புங்கமரத்தின் நிழல் பாதிப் பகல் அதன்மேல் விழுந்தது. கிளையைக் கழிக்கலாமே என்பீர்கள். மரத்தில் அரிவாள் படுவதை என்னால் பார்க்க முடியாது. தவிர, தெருவும் பார்க்கும்.

ஆகவே அடிமரத்தில் நாலைந்து துளை போட்டு, பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி, களிமண்ணால் பூசினேன். பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ரசாயனம் எதையும் தொடவில்லை. அது மண்ணைக் கெடுக்கும்.

ஒரு வாரம் தெருவே மணத்தது. "யார் ஊட்ல சார் சாம்பாரு? தூக்குது" என்றார் வெற்றிச்செல்வன். அவ்வளவுதான். பச்சை மரம் ஒன்று கண்ணெதிரே மஞ்சளாகிறது, ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. யாராவது ஒருவர் கேட்டிருந்தால்கூட நிறுத்தியிருப்பேன்.

சின்னப்பொண்ணு கேட்டாள். மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவள். ஆனால் அவள் முதலியார்பேட்டையிலிருந்து வருகிறவள். தெருக்காரர் கணக்கில் வரமாட்டாள்.

"மரம் வாடுது சார். இந்த நெழலு போச்சின்னா என் பொழப்பு போச்சி" என்றாள். தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினாள். குடிக்கிற தண்ணீரை வீணாக்கலாமா என்று கண்டித்தேன். மறுநாள் துணி அலசிய தண்ணீரைக் கொண்டுவந்தாள். சோப்பு வேருக்கு ஆகாது என்று அதையும் தடுத்தேன். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், நல்ல பெண்.

மாசியில் மரம் முழுக்கப் பட்டது. வெட்ட வந்த ஆட்கள் துளைகளைப் பார்த்து, "வண்டு தொளச்சிருக்கு" என்றார்கள். சித்திரை வெயிலில் சின்னப்பொண்ணு தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தேய்த்தாள். ஒருநாள் மயங்கி விழுந்தாள். கரி கனன்ற பெட்டி அவள் காலில் சாய்ந்தது. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இப்போது கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறாள்.

வெயில் என் வீட்டையும் விடவில்லை. இரண்டு ஏசி வாங்க வேண்டியதாயிற்று. சோலாரில் ஓடுவதால் பூமிக்கு ஒரு கேடும் இல்லை.

போன வாரம் அவள் ஒரு புங்கங்கன்றோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"கூப்ட்டா ஒருத்தரும் வரமாட்டேன்றாங்க சார். உங்களுக்குத்தான் மரம்னா உயிரு. உங்க கையால நட்டுக் குடுங்க."

பழைய இடத்திலேயே நட்டேன். கண் கலங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை. கன்று வளர்ந்து மாடியை எட்ட ஏழெட்டு வருடமாவது ஆகும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மரத்தைக் கொன்றது நான்தான். யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். ஆனால் ஒன்று, இந்தத் தெருவில் மரத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள் அவளும் நானும் மட்டும்தான்.