மூக்கு சொல்லுற நாள்

மூக்குன்னே கூப்பிடு டாக்டரு. நார்பெர்ட்டுன்னு கூப்பிட்டா எனக்கே வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு. இந்த யாக்கிமா பள்ளத்தாக்குல வீட்டுல பீர் காய்ச்சுற எவனை வேணா நிறுத்திக் கேளு, மூக்கு வீடு எங்கேன்னா கையைக் காட்டுவான். பதினோரு நீல ரிப்பன், அத்தனையும் மொதப் பரிசு. அந்தா கார் ஷெட்டுல தொங்குது பாரு, துணி காயப்போட்ட மாதிரி. அதை அப்புறமா பாக்கலாம். மொதல்ல உக்காரு. அந்தச் சாட்சி அட்டையை மடியில வச்சுக்க, யாரும் புடுங்கிக்கிட்டுப் போயிர மாட்டாங்க.

பூவைப் பறிக்கலாம், பறிக்கலாம். என்ன அவசரம், உன் ஆஸ்பத்திரியில மாதிரி பல்லா புடுங்கப் போறோம்?

உன்னைய எதுக்கு அனுப்பியிருக்காங்கன்னு தெரியுமா? நம்ம பீர் காய்ச்சுறவங்க சங்கத்துல புதுசா எவன் சேந்தாலும் சாட்சி வேலைய அவன் தலையில கட்டிருவாங்க. பச்சைப்பூ பீர்ப் போட்டின்னா, பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்கிற ஹாப்ஸ் பூவை, அவனவன் வீட்டுக் கொடியில பூத்ததை, அவனவன் கையால, சாட்சி கண்ணு முன்னாடி பறிச்சு, வாடுறதுக்குள்ள அன்னைக்கே பீர் காய்ச்சுற அண்டாவுல போடணும். இந்தச் சனியும் ஞாயிறும்தான் கெடு. அதெல்லாம் உனக்குச் சொல்லியிருப்பாங்க. இந்தச் சாட்சி எதுக்கு வந்துச்சுன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. மானக்கேடுல்ல.

வெண்டல்னு ஒரு களவாணி. கொடியில ஒத்தைப் பூ கெடையாது. என்ன பண்ணினான்கிற? பெரிய பண்ணையில போயி ஒரு கூடை வாங்கிட்டு வந்து, ராவோட ராவா, பச்சை நூலை எடுத்து ஒவ்வொரு பூவா கொடியில கட்டியிருக்கான். கல்யாணப் பந்தல் மாதிரி! மறுநா நாங்கல்லாம் போயி நின்னு ஆகா ஓகோன்னு பாத்துக்கிட்டு இருக்கோம், ஒரு காத்து அடிச்சுச்சு பாரு. மொத்தப் பூவும் எங்க தலையில. கொடி நிக்குது மொட்டையா, நூலு தொங்குது. அவன் மூஞ்சியில ஈயாடல. இன்னும் சங்கத்துல பொருளாளர் அவன்தான். வெக்கங்கெட்ட கூட்டம்.

சிரிக்காதே, இன்னொருத்தன் இருக்கான். லைல். வெமானம் ஓட்டினவனாம். வானத்துல தெசை தெரிஞ்ச ஆளு, இந்தக் கொடி கடிகார முள்ளு போற பக்கமாத்தான் சுத்தும்னு தெரியல. எதிர்ப்பக்கமாச் சுத்திச் சுத்திக் கட்டிவிட்டிருக்கான். காலையில எந்திரிச்சுப் பாத்தா கொடி எல்லாத்தையும் அவுத்துக்கிட்டுத் தரையில படுத்துக் கெடக்கு. மறுபடி கட்டினான். மறுபடி அவுத்துருச்சு. ஒரு மாசம் ரெண்டுக்கும் சண்டை. கடைசியில டேப் போட்டு ஒட்டினான்யா. கொடிக்கு இருக்கிற புத்தி அவனுக்கு இல்ல.

நம்ம கொடியப் பாரு. தேங்கா நார்க் கயிறு, இருவது அடி. ஜூன் மாசம் ஒரு நா, சாப்பிடப் போறப்ப தொப்பியக் கழட்டி இதோட நுனியில மாட்டிட்டுப் போனேன். ஒரு சாண்ட்விச் தின்னுட்டு வந்து பாத்தா தொப்பி கூரைக்கு மேல நிக்குது. ஏணி போட்டு எறக்கினேன். சத்தியமா. நீ ஏன் அப்படிப் பாக்கிற, வாயைத் தெற வாயைத் தெறன்னு ஊரையெல்லாம் சொல்லுற ஆளு, நீ வாயே தெறக்க மாட்டேங்கிற?

என்னது அது? ஓ, பறிச்சுக் கசக்கிட்டியா. இல்ல, நீயே வச்சுக்க. எனக்கு எதுக்கு? நீட்டாதேங்கிறேன். மத்தவன் கசக்கின பூவை நான் மோந்து பாக்கிறதில்ல. அது ஒரு கொள்கை.

பூவு பதமாயிருச்சான்னு எப்படிப் பாக்கிறதுன்னுதானே கேக்கிற? இங்க வா. ரெண்டு வெரலால அமுக்கு. ஈரமா அமுங்கிக் கெடந்தா பச்சைக்காயி. காகிதம் மாதிரி திரும்பி வந்து நிக்குதா, பக்கத்துல வந்துட்டோம். காதுகிட்ட வச்சு ஆட்டு. சரசரங்குதா? ஆங். நடுவுல பிச்சுப் பாரு, மஞ்சப் பொடி இருக்கா, நல்ல அடர் மஞ்சளா? இதெல்லாம் சரியா இருந்தா நாலு நாளுக்குள்ள பதம்னு அர்த்தம். ஆனா அந்த நாலுல எந்த நாளுங்கிறதுதான் சங்கதி. ஒரு நா முந்தினா பீரு புல்லு வாசம் அடிக்குமாம். ஒரு நா பிந்தினா வெங்காயம், பூண்டுன்னு வருமாம். அந்த ஒரு நாளை கையும் சொல்லாது, காதும் சொல்லாது. மூக்குதான் சொல்லும்.

ஆமா, ஆமா. இருக்கு. மூஞ்சிக்கு நடுவுலதான் இருக்கு.

நீ வேற போட்டு நெருக்காதே. கடைசி ரிப்பன் எந்த வருசம்னு கேக்கிறியா? அதுலயே எழுதியிருக்குமே. நாலு வருசம் ஆச்சு. மூணு வருசமா கிளிஃபர்ட்டுதான் ஜெயிக்கிறான். கிளிஃபர்ட்டு! அந்தப் பய பீரு முன்னாடி எப்படி இருக்கும் தெரியுமா? பாத்திரம் கழுவின தண்ணிய எடுத்து ஆட்டி நுரை வரவச்ச மாதிரி. அவன் நாயி அதைக் குடிச்சிட்டு ஒரு வாரம் அவனைப் பாத்தாலே குலைச்சுச்சு. அவனுக்கு மூணு ரிப்பன். அதுலயும் வாங்குறப்ப பாக்கணும் கூத்த. வீட்டுப் பொம்பளையக் கையப் புடிச்சு மேடைக்கு இழுத்துட்டு வர்றான். இவ இல்லேன்னா நான் இல்லேன்னு மைக்குல அழுவுறான். ஏன்டா, இதென்ன கல்யாண ரிசப்ஷனா? பீரு வாங்கிக் குடிக்க வந்தவனுக்கு உன் குடும்பக் கதை எதுக்கு?

இந்தத் தடவை அவனைக் கவுத்தணும் டாக்டரு. நாலாவதும் அவன் வாங்கிட்டான்னா மூக்குங்கிற பேரும் அங்க போயிரும். எழுவத்தெட்டு வயசுல எனக்கு வேற பேரு யாரு வைப்பா?

அடுத்தது அவன் வீடுதானே உனக்கு? அட்டையிலதான் போட்டிருக்கே, எனக்குப் பின்னால கிளிஃபர்ட்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பச்சைக் கதவு. பத்து நிமிசம். அங்க ஒரு அம்மா வந்து காப்பி குடுப்பா. ஒசரமா இருப்பா, முடியச் சின்னதா வெட்டியிருப்பா. ஓடெட்டுன்னு பேரு.

என் வீட்டுக்காரியா இருந்தவதான். முப்பத்தாறு வருசம்.

அடடே, நீ ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுற? நல்லாத்தான் இருக்கா. இந்தக் கொடியே அவ நட்டது. அவங்க அப்பா பண்ணையிலேர்ந்து ஒரு துண்டு வேர்க்கெழங்கு கொண்டுவந்து வச்சா. என்னைய விட்டுட்டு அவன்கிட்டப் போறப்பவும் அதுல ஒரு துண்டை வெட்டி ஈரக் காகிதத்துல சுத்தி எடுத்துட்டுப் போனா. வேற ஒண்ணும் எடுக்கல. அந்தா, மண்வெட்டி பட்ட தடம் இன்னும் தெரியுது பாரு.

நான் பத்தொம்போது வயசுல ஹாப்ஸ் காயவைக்கிற சூளையில வேல பாத்தேன். அப்பல்லாம் பூவு பளபளன்னு இருக்கணும்னு அடியில கந்தகத்தைக் கொளுத்தி விடுவாங்க. ரெண்டு சீசன் அந்தப் பொகையில நின்னேன். அன்னைக்குச் செத்துச்சு மூக்கு. அதுக்கப்புறம் ரோசாப்பூவும் ஒண்ணுதான், குப்பைத்தொட்டியும் ஒண்ணுதான். அவதான் தெனம் காலையில இங்க வந்து நிப்பா. ஒரு பூவை எடுத்துக் கசக்குவா. ஒண்ணுமில்லேன்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிருவா. ஒரு நா கண்ணை மூடுவா. வாயால ஒரு வார்த்தை வராது, கண்ணை மூடினான்னா அன்னைக்குத்தான். நான் ஏணியை எடுத்துருவேன்.

பதினோரு வருசம் மேடையில ஏறி நின்னு, எல்லாரும் பாக்க, இந்தா, இப்படி, என் மூக்கைத் தட்டிக் காட்டுவேன். கைதட்டு காதைப் பொளக்கும். அவ மூணாவது வரிசையில உக்காந்திருப்பா. அவளும் தட்டுவா. பதினோராவது தடவ தட்டல. நான் கவனிச்சேன். கவனிச்சும் தட்டிக் காட்டினேன். அடுத்த மார்ச்சு மாசம் மண்வெட்டிய எடுத்துட்டா.

அந்த முட்டாப்பய கிளிஃபர்ட்டு பாரு, அவ கேக்காமலே அவளை மேடைக்குக் கூட்டிட்டுப் போறான்.

சரி, இதைப் புடி. உச்சியில பறிச்சது, கசக்கல. சட்டைப் பையில வச்சுக்க. காப்பி குடுக்கிறப்ப சும்மா எடுத்து நீட்டு. யார் வீட்டுதுன்னு சொல்லாதே. மோந்த ஒடனே அவளுக்குத் தெரிஞ்சுரும். அதுக்காகப் பொய்யா மூஞ்சியக் காட்ட மாட்டா, பூ விசயத்துல அவ அப்படி இல்ல. அவ தூக்கிப் போட்டான்னா நாளைக்கு ஞாயித்துக்கெழம வா, இன்னொண்ணு தர்றேன். பூண்டு வாசம்னு மூஞ்சியச் சுளிச்சான்னா வரவே வேண்டாம், வீட்டுக்குப் போயிரு. கண்ணை மூடினான்னா மட்டும் காப்பிய அப்படியே வச்சிட்டு வண்டிய இங்க திருப்பு, ஒடனே பறிச்சிரலாம்.

இரு. அந்த அட்டையில போட்டி போடுறவன் பேரு எழுதுற எடத்துல ஒரு பேருக்குத்தான் எடமா? அப்ப ஓடெட்டுன்னு எழுது. எழுதுய்யா, நான் சொல்றேன்ல. கிளிஃபர்ட்டு வீட்டுப் பொம்பள பேருல என் பீரு ஜெயிச்சா, அவன் மூஞ்சி போற போக்கப் பாக்கணும் எனக்கு. அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல.

நிக்காதே, போ. பூவு வாடிரும். நான் ஏணியப் போட்டு வைக்கிறேன்.