கண்ணை மூடிக்கிட்டுப் போட்ட ஓட்டு

அநியாயம் எனக்குத்தான் நடந்திருக்குக்கா. வேற யாருக்கும் இல்ல, எனக்குத்தான். கட்டின புருஷன், சிநேகிதங்க முன்னாடி, காலைச் சாப்பாட்டு மேஜையில கையைத் தூக்கி, ‘இவளை மூணு வருஷத்துக்கு வேற ஊருக்கு அனுப்பிடலாம்’னு ஓட்டு போட்டிருக்கார். ஓட்டுக்கா! நிஜமாவே ஓட்டு!

ஐயோ, நீங்க எழுந்திருக்காதீங்க. உக்காருங்க. கேட்ட உடனே எடம் மாறி வந்தீங்களே, அதுவே பெரிய உபகாரம். ஆமா, இது அவர் சீட்டுதான். அதோ, ரயில் பெட்டியோட கடைசி வரிசையில குல்லாவைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு உங்க சீட்டுல... திரும்பாதீங்க! திரும்பினா சிரிப்பார். அவர் சிரிச்சா என் கோவம் கரைஞ்சிடும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அதைக் கரையாம வச்சிருக்கணும்.

என்ன... எங்க விட்டேன்? ஓட்டு. இருங்க, முதல்லேர்ந்து சொன்னாத்தான் நியாயம் யார் பக்கம்னு உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் குளிர்காலத்துல ஒரு சனி ஞாயிறு நாங்க ரெண்டு பேரும் நகரத்துக்குக் கிளம்பிப் போவோம். அங்க என் சிநேகிதி இருக்கா, பல் டாக்டர். அவ வீட்டுக்காரரை நாங்க நெட்டைன்னு கூப்பிடுவோம். வாசல்ல குனிஞ்சுதான் நுழைவார், அதனால. முதல் தடவை போனப்ப எங்க சாப்பிடறதுன்னே முடிவு பண்ண முடியல. நாலு பேரும் நடுரோட்டுல நின்னு, ‘உன் இஷ்டம்’, ‘இல்ல உன் இஷ்டம்’னு... மூக்கெல்லாம் செவந்து போச்சு. கடைசியில கடையே மூடிட்டான்! அப்பத்தான் நான் சட்டம் போட்டேன். நான் அரசியல் படிக்கிறேன்க்கா, பல்கலைக்கழகத்துல. சட்டம்னா ஏனோதானோ சட்டம் இல்ல. எல்லாரும் கண்ணை மூடிக்கணும். புருஷன் மூஞ்சியப் பாத்துப் பொண்டாட்டியோ, பொண்டாட்டி முறைக்கிறதப் பாத்துப் புருஷனோ கை தூக்கக் கூடாது இல்லையா? முதல்ல ‘வேணும்’கிறவங்க. அப்புறம் ‘வேண்டாம்’கிறவங்க. ஒருத்தர் மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுவார். எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லலாம், யார் கைன்னு மூச்சு விடக் கூடாது. எவ்வளவு அழகான சட்டம்! அதை வச்சே என் தலையில கல்லைப் போட்டுட்டாங்க.

சனிக்கிழமையே சகுனம் சரியில்ல. நான் அருங்காட்சியகம் போலாம்னேன். வெளியில பனி கொட்டுது, உள்ள கதகதப்பா இருக்கும், நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம். நெட்டை பனிச்சறுக்குத் திடல்னார். ரோட்டோரத்துல நெட்டை எண்ண, மத்த மூணு பேரும் கண்ணை மூடி நின்னோம். ஒரு அம்மா எங்களைப் பாத்துக் குழந்தையை இழுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிட்டாங்களாம். மூணுக்கு ஒண்ணு. என் கட்சி காலி. அப்ப அந்த மூணுல ஒண்ணு யாருக்கா? எனக்குக் கணக்கு தெரியாதா? கேட்டேன். ‘ரகசிய ஓட்டு, சொல்லக் கூடாது’ங்கறார். நான் போட்ட சட்டத்தை எனக்கே படிச்சுக் காட்டறார்!

போய் என்ன கிழிச்சார்? அந்தத் திடலைச் சுத்தி ஒரு கம்பி வேலி. வந்ததுலேர்ந்து கிளம்பற வரைக்கும் அந்தக் கம்பியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னார். கல்யாணத்தப்ப என் கையைக் கூட அப்படிப் புடிக்கல. பக்கத்துல ஒரு வாண்டு விர்ரு விர்ருன்னு சுத்தி வந்து, ‘அங்கிள், விடுங்க, விழ மாட்டீங்க’ன்னு தைரியம் சொல்லுது. ‘நீ போம்மா, அங்கிள் வேடிக்கை பாக்கறேன்’னார். நான் சிரிச்ச சிரிப்புல நானும் விழுந்தேன். இங்க பாருங்க, முட்டி. இல்லக்கா, பரவாயில்ல, இப்ப வலிக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்துல எனக்கு ஆராய்ச்சி படிக்க எடம் கிடைச்சிருக்கு. மூணு வருஷம். நன்றிக்கா, நன்றி... ஆனா முழுசும் கேளுங்க. இவருக்கு எங்க ஊர்ல கண்ணாடிக் கடை. கண்ணைப் பரிசோதிச்சு, லென்ஸ் தேய்ச்சு, ஃபிரேம்ல பொருத்தி, எல்லாமே இவர்தான். அதை விட்டுட்டு வர முடியாது. ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறவருக்கு, எதிர்ல உக்காந்திருக்கிற பொண்டாட்டி மூஞ்சி தெரியல பாருங்க.

போறேன்னும் சொல்லல, போகலன்னும் சொல்லல நான். இன்னைக்குக் காலையில, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே நெட்டை, ‘எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? ஓட்டு போட்டுடலாம்’னார். விளையாட்டுக்குத்தான். அவர் எண்ண, மத்தவங்க எல்லாரும் கண்ணை மூடியாச்சு. ‘இவ இங்க வந்து படிக்கணும்கிறவங்க கை தூக்கலாம்.’

நான்... அது வந்து... கொஞ்சூண்டு கண்ணைத் திறந்துட்டேன். ஒரு கண்ணுதான்! அதுவும் பாதி! சட்டமீறல்தான், ஒத்துக்கறேன். ஆனா எதுக்குத் திறந்தேன்? நெட்டை கையைப் பாக்கவா? பல் டாக்டர் கையைப் பாக்கவா? பாத்தா, இவர் கை மேல இருக்கு! தயங்கிட்டு, காதுகிட்ட நின்னுக்கிட்டு, அப்படியெல்லாம் இல்ல. பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கற பையன் தூக்கற மாதிரி, நேரா, கூரையத் தொடற மாதிரி!

நானா? என் கையா? நானும் தூக்கித்தான் இருந்தேன். ஏன்க்கா சிரிக்கிறீங்க? எனக்குப் படிக்கணும்னு ஆசை இருக்காதா? நான் போகணும்னு நெனைக்கிறது வேற, அவர் என்னைப் போகச் சொல்றது வேற. ரெண்டும் ஒண்ணா? நான் தூக்கலாம். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாமில்ல!

என்னது? நகரத்துக்குப் போறப்ப ரயில்ல என்ன பேசிக்கிட்டுப் போனோமா? அது... பொதுவாப் பேசினோம். பொண்டாட்டி படிப்புக்குக் குறுக்க நிக்கிற ஆம்பளைங்களைப் பத்தி நான் கொஞ்சம் சொன்னேன். கொஞ்சம்தான்... சரி, பாதி வழி. அவங்கெல்லாம் எந்தக் காலத்து ஆளுங்க, மனசாட்சி உண்டா, அப்படி ஒருத்தனைக் கட்டியிருந்தா மறுநாளே மூட்டையக் கட்டியிருப்பேன், இப்படியெல்லாம். அவரைச் சொல்லலையே! அவர் ஆப்பிள் நறுக்கிக் குடுத்துக்கிட்டே, ‘சரிதான், சரிதான்’னு கேட்டுக்கிட்டே இருந்தார். வாதம்னா எதிர்வாதம் வேணாமாக்கா? ‘ஆனாலும் நீ இல்லாம வீடு எப்படி இருக்கும்’னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எதிர்க்கட்சியிலேர்ந்து வரக் கூடாதா? வந்திருந்தா அதையும் பிச்சு உதறியிருப்பேன்தான். ஆனா வந்திருக்கணும்.

அந்தக் கையப் பாத்தேன் பாருங்க, அப்புறம் ஒரு நொடி அங்க உக்காரல. நாற்காலியத் தள்ளிட்டு, கோட்டைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். பல் டாக்டர் உள்ளேர்ந்து, ‘இருடி, இன்னும் முடியலடி’ன்னு கத்தறா. இன்னும் என்ன முடியணும்? ‘மூணு வருஷம் போதாது, அஞ்சாக்குங்க’ன்னு திருத்தம் கொண்டு வரப் போறாங்களா? ஸ்டேஷன் வரைக்கும் இவர் பின்னாடியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘ரகசிய ஓட்டு, சொல்லக் கூடாது’ன்னு நானே வாயடைச்சுட்டேன். எப்படி? அவர் வார்த்தை, அவருக்கே!

இந்த ஜன்னல் கண்ணாடியப் பாருங்க, ஒரே ஆவி. தொடைச்சாலும் வெளியில ஒண்ணும் தெரியல, வெள்ளைவெளேர்னு... இல்லக்கா, அழல. குளிர்ல மூக்கு ஒழுகுது. நான் திரும்ப மாட்டேன், இப்படியே பேசறேன், நீங்க கேளுங்க. தினம் சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு வருவார்க்கா. வந்ததும் நான் எதையாவது எடுத்துச் சண்டை போடணும், அவர் ‘சரிதான்’னு சொல்லணும். அதான் எங்க வீடு. மூணு வருஷம் யாரோட சண்டை போடுவார்? லென்ஸோடயா? போறேன்னுதான் எழுதிக் குடுக்கப் போறேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா நான் இல்லாம இவருக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா, கொஞ்சம் நிம்மதியாப் போவேன். சொல்றது தப்பா? சொல்லுங்கக்கா, நீங்களும் ஒரு பொம்பளைதானே. தப்பா?

அக்கா?

...நீங்களா! அந்த அக்கா எங்க? எப்ப எழுந்து போனாங்க? நான் இங்க மூச்சு முட்டப் பேசிக்கிட்டு இருக்கேன், சத்தம் போடாம வந்து உக்காந்துக்கிட்டு... எதுலேர்ந்து கேட்டீங்க? ஜன்னலைத் தொடைச்சதுலேர்ந்தா, முன்னாடியேவா? சிரிக்காதீங்க. முதல்ல அந்தக் குல்லாவைக் கழட்டுங்க. ஆமா, ஓட்டு போடறப்ப கண்ணைத் திறந்தேன், இப்ப என்ன அதுக்கு? என் மேல வழக்கு போடுங்க. அதுக்கு முன்னாடி நீங்க பதில் சொல்லுங்க. அவ்வளவு உசரமாக் கையைத் தூக்கினீங்களே, ஏன்?

“போகணும்கிறவங்கன்னு கேட்டாங்க, தூக்கினேன். போக வேண்டாம்கிறவங்கன்னு கேட்டாங்க, அதுக்கும் தூக்கினேன். நீ அப்ப வாசல்ல உக்காந்து ஷூ மாட்டிக்கிட்டு இருந்த.”