வடக்கு வாசல் பூட்டு

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவன் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உள்ளே லொடலொடவென்று சத்தம் வந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். நான் எந்தக் கடைக்காரனையும் நம்பினதில்லை. பஸ் கண்டக்டர், டாக்டர், கமிட்டிக்காரன், பெற்ற பிள்ளை, ஒருத்தனையும் நம்பினதில்லை. நம்பாமல் இருந்ததால்தான் இந்த வயது வரை வந்து சேர்ந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா.

அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். ஓடிவிட மாட்டேன். காற்றுக்காகத்தான் கேட்கிறேன்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று ஏட்டு சொன்னார். அதனால் களத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலைக்கோட்டைக்குக் கீழே பங்குனியில் நடக்கும் பூட்டுக்களக் கம்புச்சண்டையை டிவியில் பார்த்திருப்பீர்கள். வத்தலக்குண்டு, சிறுமலை, பழனி ஆட்கள் போக, வெளிமாநிலத்திலிருந்தும் கம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டவுன் பஸ்ஸை எல்லாம் வேறு வழியில் சுற்றிவிடுவார்கள். பிரியாணிக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. சண்டை நடப்பது ஒரு கம்பிக் கூண்டுக்குள். வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பூட்டு. இரண்டும் தேங்காய்ப் பருமன் இருக்கும். சாவித் துவாரம் கிடையாது. யார் அடித்த பூட்டு என்றும் தெரியாது. அது மனிதனின் பயத்தை அறியும். உங்களுக்கு இது அதிசயமாகப் படலாம். எங்களுக்கு வெயில் சுடும் என்பது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

முறை இதுதான். சண்டைக்காரனின் வீட்டுப் பெரியவர் அவன் பிடரி வேர்வையைத் துண்டால் ஒற்றி, அதைப் பூட்டின் வயிற்றில் தடவி, வாசலை அடைத்துப் பூட்ட வேண்டும். அதிலிருந்து அது அவனுடைய பூட்டு. உள்ளே அவனுக்கு மெய்யான பயம் வந்த நொடியில் டக்கென்று வாய் திறந்து கீழே விழும். அவன் வெளியே வந்துவிடலாம். யாருடைய பூட்டு முதலில் விழுகிறதோ அவன் தோற்றவன். வாயால் போதும் என்று சொன்னால் செல்லாது. அப்படிச் சொல்லி ஏமாற்றி, எதிராளி அசந்தபோது மண்டையில் போட்டவர்கள் உண்டு. அதனால் பூட்டு விழும்வரை அடிக்க வேண்டும். இடையில் நிறுத்துவது எதிராளிக்குச் செய்கிற அவமரியாதை.

கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அந்தக் களத்தில் இந்த வருடம் வரை ஒரு உயிர் போனதில்லை. கை கால் முறியும், பல் போகும். உயிர் போகும் கட்டம் வருவதற்கு முன்னால் பயம் வந்துவிடும் அல்லவா. அந்தத் தைரியத்தில்தான் தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு அனுப்பினார்கள்.

என் பெயர் கருப்பணன். தோல் பதனிடும் ஷெட்டில் பாடுபட்டவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வாலிபத்தில் நானும் களத்தில் இறங்கியிருக்கிறேன். என் பூட்டு ஒருதரம்கூட விழுந்ததில்லை. ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தேன், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. என் சம்சாரம் ஜக்கம்மாள் பெரியாஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் எடுத்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்த டாக்டரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அப்படி ஒரு நெஞ்சு.

எங்களுக்கு ஒரே மகன், விக்னேஷ்குமார். அவன் என்னைப் போல இல்லை. சின்ன வயதில் வான்கோழியைக் கண்டால் அழுவான். வளர்ந்து, கல்யாணமாகி, செல்போன் கடையில் வேலைக்குப் போகும்போதும் இடி இடித்தால் பானுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொள்வான். பானுப்ரியா என் மருமகள். அவளுக்கு அதில் வெட்கம் இல்லை. எனக்கு இருந்தது.

போன வருடம் என் பேச்சுக்காக அவன் களத்தில் இறங்கினான். எதிராளி கம்பைத் தூக்கக்கூட இல்லை, தொண்டையைத்தான் செருமினான். விக்னேஷின் பூட்டு விழுந்துவிட்டது. மொத்தக் களமும் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தான், அதுதான் என்னைச் சுட்டது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்குத் திறந்த வீடு என்று பெயர். டவுன் பஸ்ஸில் ஏறினால், "ஏலே, திறந்த வீடு வாராரு, தள்ளி உக்காரு, தும்மிகிம்மித் தொலைச்சிராத" என்பார்கள். டீக்கடையில் ஒருத்தன் எங்கள் வீட்டில் தாழ்ப்பாளே வேண்டியதில்லையாமே என்று கேட்டான். ஒரு வருடம் இதைக் கேட்டேன். நீங்கள் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

இந்த வருடமும் நான்தான் அவன் பெயரைக் கொடுத்தேன். பானுப்ரியா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அவன்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். என்னிடம் வந்து சொன்னான்: "யப்பா, நான் போறேன். ஆனா பயம் வந்துச்சுன்னா வந்துருவேன். அது என் கையில இல்ல. ஏசக் கூடாது." ஏச மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி ஏசவும் இல்லை.

அவன் எதை நம்பி உள்ளே போனான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னை நம்பி இல்லை. பூட்டை நம்பித்தான். கூண்டுக்கு முன்னால் நிற்கும்போது பானுப்ரியாவிடம், "நீ போயி பஸ்ஸுல சீட்டுப் போட்டு வையி, செத்த நேரத்துல வந்துர்றேன்" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கூண்டுக்கு முன்னால் அத்தனை நிம்மதியாக நின்றவனை நான் பார்த்ததே இல்லை.

எதிராளி அருள்நாதன். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, படும் இடம் பார்த்துத்தான் அடிப்பேன், பயப்படாதீர்கள் பெரியவரே என்றார். எனக்கெதுக்குப் பயம் என்று சொன்னேன். நல்ல மனிதர். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அடுத்தவன் வேர்வையைத் தடவக் கூடாது என்று விதி ஏன் இல்லை என்று கமிட்டியை நீங்கள் கேட்டீர்களாம். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விதிக்குத் தேவையே வந்ததில்லை. வீட்டுப் பெரியவர் என்றால் பெரும்பாலும் தகப்பன்தான். தகப்பன் தன் வேர்வையைத் தடவினால் பிள்ளை கம்பைத் தூக்கும் முன்னாலேயே பூட்டு விழுந்துவிடும். உள்ளே நிற்கிறவனைவிட வெளியே நிற்கிறவனுக்குத்தான் பயம் அதிகம் என்று எல்லாரும் நினைத்து வைத்திருந்தார்கள். கமிட்டியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் என் வேர்வையைத் தடவினேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பங்குனி வெயில், என் தோள் துண்டு பிழிகிற அளவுக்கு ஊறியிருந்தது. அவன் பிடரியில் காய்ந்த முனையால் தொட்டேன். பூட்டில் ஊறின முனையால் தேய்த்தேன். கமிட்டிக்காரர்கள் டிவிக் கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டை அழுத்தினேன். அது கையில் கொஞ்சம் சூடாக இருந்தது.

முதல் அடி தொடையில். அருள்நாதன் சொன்னபடி பார்த்துத்தான் அடித்தார். விக்னேஷ் கம்பைப் போட்டுவிட்டான். போன வருடம் போலவே ஒரு அசட்டுச் சிரிப்போடு வடக்கு வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினான். கதவு அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினான். பூட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யப்பா, பூட்டு மாட்டிக்கிருச்சு போல" என்றான், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்பது போல மெதுவாக.

நான் மலைக்கோட்டையைப் பார்த்தேன்.

ஜனங்கள் கை தட்டினார்கள். பூட்டு மூடியிருக்கிறது, அப்படியென்றால் அவனுக்குப் பயம் இல்லை, அப்படியென்றால் கம்பைப் போட்டதும் ஓடியதும் நடிப்பு. திறந்த வீடு நம்மை எல்லாம் ஏமாற்றியிருக்கிறது என்று என் பின்னால் ஒருத்தன் சொன்னான், மரியாதையாகச் சொன்னான். அருள்நாதனும் பூட்டைப் பார்த்தார், கம்பை மாற்றிப் பிடித்தார். அவருக்கு வேறு வழி இல்லை.

அவன் ஓடினான், விழுந்தான், தவழ்ந்து திரும்பவும் என் பக்கம் வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். "யப்பா, நெசமா பயமா இருக்கு. நெசமாத்தான் பயமா இருக்கு." அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. பூட்டிடம் சொன்னான். தன் பயம் போதவில்லை போல என்று நினைத்துவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் பயப்பட முயற்சி செய்தான். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவன் கால்சட்டை நனைந்துவிட்டது. பூட்டு அப்படியே தொங்கியது.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். வேர்வை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கமிட்டி கம்பியை அறுத்திருக்கும். அதை யோசித்தேன். இன்னும் ஒரு அடி தாங்கினால் அருள்நாதன் ஓய்ந்துவிடுவார் என்றும் யோசித்தேன். இரண்டாவது யோசனைதான் எனக்குச் சரியாகப் பட்டது.

பானுப்ரியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் நடிக்கவில்லை, அவருக்கு நடிக்கத் தெரியாது என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் பூட்டைத்தான் நம்பினார்கள்.

கடைசியில் டக்கென்று சத்தம் கேட்டது. விழுந்தது தெற்கு வாசல் பூட்டு, அருள்நாதனுடையது. இவ்வளவு அடித்தும் பூட்டு விழாத ஒரு மனிதனைக் கண்டு அவர் பின்வாங்கிவிட்டார். வெளியே வந்து, நான் பயந்துவிட்டேன், இது மனுசன் செய்கிற காரியம் இல்லை என்று சொல்லிக் கம்பைத் தரையில் வைத்தார்.

என் மகன் ஜெயித்துவிட்டான். பறை அடித்தார்கள். அவன் எழுந்து வரவில்லை என்பதால் மாலையை என் கழுத்தில் போட்டார்கள். டீக்கடைக்காரன் வந்து, "அப்பு, தப்பாப் பேசிட்டோம், மனசுல வச்சுக்கிராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன்.

பானுப்ரியா தெற்கு வாசல் வழியாக உள்ளே போய் அவனைப் புரட்டினாள். அவனுக்கு மூச்சு இல்லை. கொஞ்ச நேரம் அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து வெளியே வந்து வடக்கு வாசலுக்குச் சுற்றி நடந்தாள். பறை ஒவ்வொன்றாக நின்றது. அவள் பூட்டைப் பார்த்தாள், பிறகு என் தோள் துண்டைப் பார்த்தாள்.

"யாரு வேர்வை மாமா?"

கேட்டது அவ்வளவுதான். ஆனால் கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. டீக்கடைக்காரன் என் கையை விட்டான். இவ்வளவு பேர் சேர்ந்து என்னை என்ன செய்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது.

டக்.

வடக்கு வாசல் பூட்டு என் காலடியில் கிடந்தது.

"இப்பத்தான் ஒங்களுக்குப் பயம் வந்துச்சா" என்றாள் பானுப்ரியா.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். வேர்வை என்னுடையது. தெரிந்தேதான் தடவினேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் தெரிந்தேதான் நின்றேன். அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது. யாராவது பின்னால் நடந்தால் என்னை அடிக்கத்தான் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. ஜெயிலில் என்னை யாரோடு போடுவார்கள் என்று இந்த ஏட்டிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆனால் மருமகள் சொன்னதாக நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள். பெற்ற பிள்ளை சாகும்போது எனக்குப் பயமே வரவில்லை என்று அவள் சொல்வது தப்பு. அவனுக்காக நான் பயந்தேன் அம்மா. பூட்டுதான் அதைக் கவனிக்கவில்லை.