பொதுப் பானையில் ஒரு பங்கு

இல்லண்ணே, காப்பி இருக்கட்டும். கேட்டு வந்ததுக்கு நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் கப்பைத் தொட மாட்டேன். அதான நம்ம ஸல்ட் ஊர் வழக்கம்? பின்ன எதுக்கு மித்கால் மாமாவையும் கறிக்கடை ஃபவ்வாஸ் அண்ணனையும் கோட்டு மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கேன்?

ஐயோ, பொண்ணு கேட்டு வரலைண்ணே! எம் பையன் நாலாங்கிளாஸ் படிக்கிறான். உள்ள அண்ணியைக் குலவை போட வேண்டாம்னு சொல்லுங்க.

விஷயம் ஹியாமோட தங்கம். என் சம்சாரந்தான். வர்ற வியாழக்கிழமை அவ தங்கச்சிக்கு மருதாணி வைக்கிறாங்க. கல்யாணத்துக்கு நான் அவளுக்குப் போட்ட வளையல் அத்தனையும் மாட்டிக்கிட்டுத்தான் போவேன்னு நிக்கிறா. வளையல் இல்ல. பீரோவுல இருக்குன்னு நினைச்சிட்டிருக்கா, பாவம்.

வித்துட்டேன். சூதாடலைண்ணே, சத்தியமா! சூதாடுறவன் முட்டாள். நான் அந்தப் பக்கம். நெட்டுல பகடை உருட்டுற கடை ஒண்ணு இருக்கு. கடைக்காரன் காசு கிடையாது அது. என்னை மாதிரி இருநூறு பேரு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வச்ச பொதுப் பானை. வளையல் வித்த காசும் அதுலதான். ஆட வர்றவன் தோத்தா பானைக்கு வரும், ஜெயிச்சா பானையிலேருந்து போகும். ஆகக்கூடி நானும் ஒரு முதலாளி. சிரிக்காதீங்க மாமா.

முதல்ல என்ன வாழ்வுங்கிறீங்க! எங்கேயோ பிரேசில்காரன் ஒருத்தன் தோத்தா எங்க வீட்டுல ஆட்டுக்கறி. பொண்டாட்டி திட்டி அவன் ஆட வரலைன்னா எனக்குச் சோறு இறங்காது. உடம்புக்கு என்ன தம்பின்னு விசாரிச்சு எழுதுவேன். அவ்வளவு பாசம்.

அப்புறம் வந்தான் ஒருத்தன், மொட்டைமாடி ராஜாளின்னு பேரு வச்சுக்கிட்டு. உருட்டுறான், ஜெயிக்கிறான். உருட்டுறான், ஜெயிக்கிறான். பானையில அடி ஒட்டுனதுதான் மிச்சம். அப்பக்கூட நான் பதறலை. ஜெயிச்சவன் நாளைக்கு வந்து தோப்பான், அதை நம்பித்தான கடையே நடக்குது? அந்தப் பாவி வரவே இல்லண்ணே! ஜெயிச்ச உடனே எழுந்து போற மனுசனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? போறப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிட்டு வேற போறான்: இந்தக் காசுல மாடிக்குப் புதுத் தண்ணித்தொட்டி வாங்கி ரோஸ் கலர் அடிச்சாச்சு, இனி ஆடுறதா இல்லைன்னு. படிச்சா அச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு.

ஸல்ட் ஊர் முழுக்க வெள்ளைத் தொட்டி, இல்ல கறுப்புத் தொட்டி. ரோஸ் ஒண்ணே ஒண்ணு. துணி காயப்போட மாடிக்குப் போனவன், உங்க மாடியைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன்.

ஏண்ணே தொண்டையைச் செருமுறீங்க? நான் குத்தம் சொல்லவா வந்தேன்? கேக்க வந்தது ஒண்ணுதான். திரும்ப வந்து ஆடுங்க. ஆடித் தோத்துருங்க.

எவ்வளவா? அட, வளையல் அளவுக்குத் தோத்தாப் பத்தாதுண்ணே. அது இருநூறு பேருக்கும் பிரிஞ்சு எனக்கு வளையல் கொக்கி ஒண்ணுதான் வரும். வளையல் முழுசா வரணும்னா நீங்க ஜெயிச்சது பூராவும் தோக்கணும். தொட்டியையும் வித்துட்டீங்கன்னா சௌகரியம்.

என்னது? வளையலுக்கு உண்டான காசை இப்பவே நீங்க கையில தர்றீங்களா?

மாமா, எழுந்திரிங்க. ஃபவ்வாஸண்ணே, நீங்களும். ஒரு மனுசன் ஊர்ப் பெரியவங்களை வச்சு மரியாதையாக் கேக்குறான், இவரு பிச்சை போடப் பாக்குறாரு. உங்க காசு யாருக்குண்ணே வேணும்? ஒழுங்கா உக்காந்து, முறையாத் தோத்துக் குடுங்க.